முதுகுன்றத்துக் களிமண்ணும் பொறியியற் பட்டமும்

முதுகுன்றம் என்பதே அவ்வூரின் பெயர். பழமலை என்பதும் அதன் பெயரே. மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதரும் பெரியநாயகியும் கோயில் கொண்டிருக்கும் அவ்வூர் தேவாரத்தில் முதுகுன்றம் என்றே வழங்குகிறது. பின்வந்த வடமொழியாளர் அப்பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து விருத்தாசலம் ஆக்கினர். முதுமை விருத்தம் ஆயிற்று. குன்றம் அசலம் ஆயிற்று. தொடர்வண்டி நிலையப் பலகையிலும் அரசு ஏடுகளிலும் இன்றும் நிற்பது அந்தப் பெயர்ப்பே. 1916-ஆம் ஆண்டு தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகள், வேதாசலம் என்ற தம் பெயரில் ஒட்டியிருந்த அதே அசலத்தை மலையாக மீட்டார். தனியொரு மாந்தர் தம் உள்ளத் திண்மையால் செய்து முடித்ததை, ஆயிரமாயிரம் பேர் வாழும் ஊர் இன்னும் செய்து முடிக்கவில்லை. கற்றோர் பெருகிய ஊரில் இஃது ஏன் நிகழவில்லை என்று கேட்டால், அக்கேள்வி ஊர்ப்பெயரோடு நில்லாது. கற்றோர் எதைக் கற்றனர், எம்மொழியில் கற்றனர், எதற்காகக் கற்றனர் என்ற இடத்திற்கு இட்டுச் செல்லும்.

முதுகுன்றம் சூளைகளின் ஊர். அதன் தொழிற்பேட்டையில் உள்ள சிறு தொழிலகங்களில் பீங்கான் என மக்கள் வழங்கும் வெண்களிக் கலங்கள் உருவாகின்றன. கார்த்திகை அகலும் பொம்மையும் மின்தடைக் காப்புப் பொருள்களும் அங்கிருந்து பல ஊர்களுக்குப் போகின்றன. கிழக்கே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணடுக்குகளில் வெண்களி கிடைக்கிறது. அக்களியோடு அரைத்த கல்மாவைச் சேர்த்து, குழம்பாக்கி, அச்சில் வார்த்து, உலர்த்தி, மெருகு பூசி, ஆயிரம் பாகைக்கும் மேற்பட்ட வெம்மையில் சுட்டெடுக்கிறார்கள். அரசின் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமும் அவ்வூரிலேயே இருக்கிறது. மண்ணும் தொழிலும் கல்வியும் ஓரிடத்தில் கூடியிருப்பது எல்லா ஊர்க்கும் வாய்ப்பதன்று.

ஆயினும் அங்கே ஒரு பிளவு உண்டு. சூளையடியில் நிற்கும் உழைப்பாளி ஒரு வெள்ளைக் கல்லைக் காட்டி வெங்கச்சங்கல் என்பான். அதே கல்லை ஆங்கிலவழிக் கல்லூரியிற் பயிலும் அவன் மகன் குவார்ட்சு என்பான். தந்தைக்கு அக்கல்லின் நிறமும் உடையும் வகையும், சூட்டில் அது நடந்துகொள்ளும் முறையும் தெரியும்; மகனுக்கு அதன் வேதியியல் வாய்பாடு தெரியும். இருவர் அறிவும் ஒன்று சேர்ந்தால் புதியதொரு கலம் பிறக்கும். ஆனால் சேர்வதில்லை. தந்தையின் சொல் தேர்வுத்தாளில் நுழைவதற்கில்லை. மகனின் சொல் சூளையடியில் செல்வதற்கில்லை. மகனோ பட்டம் பெற்ற மறு திங்களே சென்னைக்கோ பெங்களூருக்கோ கணினிப் பணிக்குப் போய்விடுகிறான். சூளைக்குக் கிடைத்திருக்க வேண்டிய அறிவு சூளைக்குக் கிடைக்காமலே போகிறது.

இதைக் கண்ட தமிழன்பர் பலர், "பொறியியல் படித்தவனுக்கு மொழியுணர்வும் இராது, இனவுணர்வும் இராது, அவன் அரசியல் தன் ஊதியத்தோடு முடிந்துவிடும்" என்று எளிதில் தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். அத்தீர்ப்பு சரிதானா என்று வரலாற்றை வைத்து உரசிப் பார்ப்பது கடமையாகும். பிழையான நோயறிதலுக்குப் பின் வரும் மருந்தும் பிழையாகவே இருக்கும்.

முதற்சான்று முதுகுன்றத்திற்கு அண்மையிலேயே இருக்கிறது. 1965-ஆம் ஆண்டு சனவரி 27-ஆம் நாள் தில்லையில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் இந்தித் திணிப்பை எதிர்த்த போரில் காவலரின் துமுக்கிக் குண்டுக்கு இரையானார். அந்நாளில் தமிழகமெங்கும் கலைக்கல்லூரி மாணவரோடு சட்டம், மருத்துவம், பொறியியல் பயின்ற மாணவரும் தெருவிற்கு வந்தனர். நுட்பக் கல்வி உணர்வைக் கொன்றுவிடும் என்பது உண்மையாயின் அவர்கள் வந்திருக்கலாகாது. இரண்டே ஆண்டில், 1967-இல், தமிழகத்தின் ஆட்சியே மாறிற்று.

ஆனால் அக்கதையின் மறுபாதியையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். 1968 சனவரியில் தமிழகச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக நிறைவேற்றியது. ஐந்தாண்டிற்குள் எல்லாக் கல்லூரிகளிலும் தமிழைப் பயிற்றுமொழியாக்க வேண்டும் என்பதும் அதே தீர்மானத்தில் இடம்பெற்றது. இந்தியை விலக்கும் பகுதி உயிரோடு இருக்கிறது. தமிழைக் கல்லூரியில் ஏற்றும் பகுதி ஐந்தாண்டிலும் நிறைவேறவில்லை, ஐம்பதாண்டிலும் நிறைவேறவில்லை. இந்தியை எதிர்த்துத் தெருவில் நின்ற நடுத்தட்டு மக்கள், தமிழை ஏற்றுவதற்காகத் தெருவில் நிற்கவில்லை. இந்தி வந்தால் நடுவண் அரசுப் பணி போய்விடும் என்ற அச்சமும், ஆங்கிலம் போனால் உலகப் பணி போய்விடும் என்ற அச்சமும் ஒரே வேரிற் கிளைத்தவை. முதல் அச்சம் தமிழுக்குத் துணையாக நின்றது. இரண்டாம் அச்சம் தமிழுக்குத் தடையாக நின்றது. உணர்வு மெய்யே, ஆனால் அவ்வுணர்வைத் தாங்கிய தூண்களுள் ஒன்று வேலைவாய்ப்பு என்பதை அன்றே கண்டுகொள்ளத் தவறியது இயக்கத்தின் குறையாகும்.

இரண்டாம் சான்று கடலுக்கு அப்பால் ஈழத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து இளைஞர் பள்ளியில் கணக்கும் அறிவியலும் தமிழிலேயே கற்றவர்கள். பொறியியலும் மருத்துவமும் அந்நிலத்து நடுத்தட்டுக் குடும்பங்களின் பெருங்கனவு. 1970-இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ அரசு பல்கலைக்கழகச் சேர்க்கையில் மொழிவழித் தரப்படுத்தலைக் கொண்டுவந்தது. பேராதனைப் பொறியியற் பிரிவில் இடம்பெறச் சிங்கள மாணவனுக்கு 227 மதிப்பெண் போதும், தமிழ் மாணவனுக்கு 250 வேண்டும் என்று வரம்பு வகுக்கப்பட்டது. கணக்கைத் தவிர வேறெதையும் கருதாதிருந்த மாணவர் அன்றுதான் அரசியலைக் கற்றனர். 1970-இல் தோன்றிய தமிழ் மாணவர் பேரவைக்கும் அதன்பின் கிளர்ந்த இளைஞர் எழுச்சிக்கும் அவ்வரம்பு ஒரு தலையாய கரணியமாயிற்று. அதே தீவில் 1971 ஏப்பிரலில் படித்தும் வேலையற்றிருந்த சிங்கள இளைஞர் தம் சிங்கள அரசையே எதிர்த்துப் படைக்கலம் ஏந்தினர். கல்வி கனவைத் தந்து, நாடு கதவைச் சாத்தினால், படித்தவன் அரசியலுக்கு வந்தே தீருவான் என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

மூன்றாம் சான்று இந்தோனேசியா. ஒல்லாந்தர் தம் ஆட்சிக்கு வேண்டிய பொறியாளரை ஆக்குவதற்காகவே 1920-இல் பாண்டுங்கு நகரில் தொழில்நுட்பக் கல்லூரியைத் தொடங்கினர். அதில் கட்டடப் பொறியியல் கற்று 1926-இல் பட்டம் பெற்ற சுகர்ணோ, மறு ஆண்டே விடுதலைக் கட்சி ஒன்றைத் தோற்றுவித்தார். 1928-இல் அந்நாட்டு இளைஞர்கள் கூடி ஒரே தாய்நாடு, ஒரே நாட்டினம், ஒரே மொழி என்று உறுதி பூண்டனர். ஆண்டவர் மொழியை விடுத்துத் தம் மண்ணின் மொழியையே ஏற்றனர். ஆனால் அதே நாட்டில் 1966-க்குப் பின் சுகார்த்தோவின் படையாட்சி வந்தபோது, அமெரிக்காவிற் பயின்று வந்த வல்லுநர் குழு அவ்வாட்சிக்குப் பொருளியல் தூணாக நின்றது. வல்லுநர் அறிவு ஒருகால் விடுதலைக்கு உதவிற்று. ஒருகால் அடக்குமுறைக்குத் துணை போயிற்று.

இச்சான்றுகளை அடுக்கிப் பார்ப்பின், நுட்பக் கல்வி தானாக எந்த அரசியலையும் ஊட்டுவதில்லை என்பது விளங்கும். அது சூளை போன்றது. உள்ளே வைத்த கலத்தை இறுகச் செய்வதே அதன் வேலை. கலத்தின் வடிவத்தை அது தீர்மானிப்பதில்லை. வடிவத்தைத் தீர்மானிப்பவை மூன்று. அக்கல்வி யார் மொழியில் கற்பிக்கப்படுகிறது? அக்கல்வியால் வரும் வேலை யார் நிலத்தில், யார்க்காக நடைபெறுகிறது? கதவு சாத்தப்படும்போது சாத்தியவனை அடையாளங் காட்டும் வரலாற்றறிவு மாணவனுக்கு உண்டா? இம்மூன்றின் விடைக்கேற்பவே படித்தவனின் அரசியல் அமையும்.

இனித் தமிழகத்தில் இம்மூன்றுக்கும் விடை எவ்வாறு அமைந்தது என்று பார்ப்போர்க்கு 1984-ஆம் ஆண்டு திருப்புமுனையாகத் தோன்றும். ம.கோ.இரா. அரசு தனியார் தன்னிதிப் பொறியியற் கல்லூரிகளுக்கு அவ்வாண்டில் வாயிலைத் திறந்துவிட்டது. 1794-இல் நிலவளவைப் பள்ளியாகத் தோன்றிய கிண்டிக் கல்லூரியும் வேறு சிலவுமே இருந்த நாட்டில், முப்பதாண்டிற்குள் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட பொறியியற் கல்லூரிகள் எழுந்தன. ஊர்ப்புறத்து முதல் தலைமுறைப் பிள்ளைகள் பொறியாளர் ஆயினர். 2007-இல் மாநில நுழைவுத் தேர்வு நீங்கியதும், 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு வந்ததும் அவ்வழியை மேலும் அகலமாக்கின. இது பெரும்பேறு. மண்வெட்டி பிடித்த கையின் மகள் அளவுகோல் பிடிப்பதைக் குறைகூறுவோர் தமிழர் நலம் நாடுவோர் ஆகார்.

ஆனால் அப்பேற்றோடு மூன்று நிலைமைகள் ஒட்டிக்கொண்டு வந்தன. முதலாவது கடன். நிலத்தை ஈடுவைத்தோ வைப்பகத்தில் கல்விக்கடன் வாங்கியோ படித்தவன், முதல் நாளே கடனாளியாக உலகத்திற்குள் நுழைகிறான். கடனாளிக்கு எதிர்த்துப் பேசும் துணிவு குறையும். வேலை தருபவன் முகம் சுளிக்கும் எதையும் அவன் செய்யான். தொழிற்சங்கம் என்றால் அஞ்சுவான். ஊர்ப் போராட்டம் என்றால் விடுப்புக் கிடைக்காது என்பான். அவனைக் கோழை என்பது எளிது. அவன் கழுத்தில் தொங்கும் கடன் தாளைப் படித்துப் பார்ப்பதே முறை.

இரண்டாவது பாடத்திட்டம். நான்காண்டுப் படிப்பில் ஆற்றின் விரைவை அளக்கக் கற்றவன், அவ்வாற்று நீர் யார்க்கு உரியது என்று கற்பதில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய வீராணம் ஏரி கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அதன் கரையமைப்பைத் தன் ஆசிரியரிடமிருந்து கேட்டறிந்த கட்டடப் பொறியியல் மாணவர் எத்தனை பேர்? கல்லணையைக் கண்ட ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன், ஆற்று மணலில் கடைகால் இடும் முறையைத் தமிழரிடம் கற்றதாக ஒப்புக்கொண்டு 1836-இல் கொள்ளிடத்தில் தம் அணையைக் கட்டினார். வெள்ளையன் ஒப்புக்கொண்டதைத் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழகக் கல்லூரி கற்பிக்காதாயின், பொறியியல் முழுதும் மேலைநாட்டான் கொடை என்றே அவன் எண்ணுவான். எண்ணியவன் மேலைநாட்டை நோக்கி நிற்பான். மேலும், ஒவ்வொரு கணக்கிற்கும் ஒரே விடை என்று பழகிய உள்ளம், மக்கள் வாழ்விற்கும் ஒரே விடை உண்டென்று நம்பத் தொடங்குகிறது. கட்சி, வாக்கு, சட்டமன்றம், பேரணி எல்லாம் அவனுக்குக் காலக்கேடாகத் தோன்றும். வல்லவன் ஒருவன் கையில் நாட்டைக் கொடுத்தால் எல்லாம் சீராகிவிடும் என்பான். வல்லவன் எவன் மொழியில் ஆணையிடுவான் என்று அவன் கேட்பதில்லை.

மூன்றாவது 'தகுதி' என்னும் சொல். இச்சொல்லின் வரலாறு தமிழகத்தோடு பிணைந்தது. சென்னை மாநிலத்து வகுப்புரிமை ஆணையை எதிர்த்து 1950-இல் வழக்குத் தொடுத்த இருவருள் ஒருவர் மருத்துவக் கல்லூரி இடத்தையும் மற்றவர் பொறியியற் கல்லூரி இடத்தையும் காட்டியே வழக்காடினர். அவ்வாணை வீழ்ந்தது. பெரியார் முதலானோரின் கிளர்ச்சியால் 1951-இல் இந்திய அரசியல் சட்டத்திற்கு முதல் திருத்தமே வந்தது. 1990-இல் மண்டல் குழுப் பரிந்துரையை எதிர்த்து வடநாட்டில் மேற்குலத்து மாணவர் கிளர்ந்தபோது தமிழகம் அமைதியாக நின்றது. 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டிற்கு 1994-இல் சட்டக் காப்பும் தேடிக்கொண்டது. இடஒதுக்கீட்டால் பொறியாளரான தந்தைக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அவர் மகன், ஆங்கிலப் பள்ளியில் வளர்ந்து, அடுக்குமாடியில் வாழ்ந்து, தன் தந்தை ஏறிவந்த ஏணியையே "தகுதிக்குக் கேடு" என்கிறான். ஏணியை உதைப்பவன் மேலே நிற்பதால் தன் கால் நிலத்தில் இல்லை என்பதை மறந்துவிடுகிறான்.

அம்மறதிக்கு நெய்வேலி விடை சொல்லும். 1956-இல் தோன்றிய நெய்வேலி நிறுவனத்திற்காகச் சுற்றுப்புறத்து ஊர்கள் தம் நிலத்தைக் கொடுத்தன. 2022-இல் அந்நிறுவனம் அனைத்திந்தியப் பொறியியல் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு பொறியாளர்களைத் தெரிந்தெடுத்தபோது, தமிழ்நாட்டார்க்கு இடமில்லாது போயிற்றென்ற குற்றச்சாட்டு எழுந்து சட்டமன்றக் கட்சிகள் பலவும் குரல் கொடுத்தன. 2023 சூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக விளைந்து நின்ற நெற்பயிரின்மீது மண்வாரி எந்திரங்கள் ஏறின. கரி தமிழர் நிலத்தது. களி தமிழர் நிலத்தது. பொறியாளர் பட்டமும் தமிழ்ப்பிள்ளை கையில் இருக்கிறது. ஆனால் நிலத்தையும் பட்டத்தையும் இணைக்கும் அதிகாரம் மட்டும் தமிழர் கையில் இல்லை. 'தகுதி' என்ற சொல்லை யார் அளக்கிறார்கள், எந்தக் கோல்கொண்டு அளக்கிறார்கள் என்று பொறியாளன் கேட்கத் தொடங்கும் நாளே அவன் அரசியல் தொடங்கும் நாள்.

அந்நாள் வராது என்று சோர்வதற்கும் இடமில்லை. 2017 சனவரியில் ஏறுதழுவலுக்கான தடையை எதிர்த்துச் சென்னைக் கடற்கரையில் இளைஞர் திரண்டபோது, பழைய மாமல்லபுரச் சாலையின் கணினி நிறுவனங்களிலிருந்தும் பல்லோர் வந்தனர். ஆங்கிலவழி கற்றவர், அயல்நாட்டு நிறுவனத்தில் ஊதியம் வாங்குபவர், அரசியலே வேண்டா என்றிருந்தவர் என அனைவரும் தமிழில் முழங்கினர். சனவரி 23-ஆம் நாள் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. உணர்வு அணையவில்லை, நீறு பூத்துக் கிடந்தது. ஆனால் திரண்ட கூட்டம் கலைந்தபின் அவ்வுணர்வைத் தாங்கும் அமைப்பு எதுவும் எழவில்லை. விழாவிற்கும் ஏற்றிற்கும் எழுந்த குரல், தமிழ்வழிக் கல்விக்கு எழவில்லை. தமிழ் அவர்களுக்குப் பிறப்பின் பெருமையாக இருக்கிறது. பிழைப்பின் மொழியாக இல்லை. பிழைப்பின் மொழியாகாத எதுவும் நாளடைவில் பெருமையின் மொழியாகவும் நில்லாது.

"நுட்பக் கல்வியைத் தமிழில் தர இயலுமா?" என்று கேட்போர் இன்றும் உளர். அவர்கட்கு விடை நூற்றைம்பது ஆண்டுக்கு முன்னரே சொல்லப்பட்டுவிட்டது. அமெரிக்க மருத்துவர் கிரீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1860-களில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். பாடநூல்களைத் தமிழில் பெயர்த்து வெளியிட்டார். மருத்துவர் பலரை ஆக்கினார். ஐதராபாத்தில் 1918-இல் தோன்றிய உசுமானியாப் பல்கலைக்கழகம் மருத்துவத்தையும் பொறியியலையும் உருது மொழியில் கற்பித்தது. சப்பானியர் 1877-இல் தோக்கியோப் பல்கலைக்கழகத்தை அயல்நாட்டு ஆசிரியரைக் கொண்டு தொடங்கி, ஒரு தலைமுறைக்குள் தம்மவரையும் தம் மொழியையும் அவ்விடத்தில் அமர்த்தினர். பொதுப்பணித் துறைப் பொறியாளராயிருந்த பா.வே. மாணிக்க நாயக்கர் தமிழெழுத்தின் ஒலியியலை ஆராய்ந்து பொறியறிவும் தமிழறிவும் ஓருள்ளத்தில் வாழும் என்று காட்டினார். இயலாமை தமிழிடம் இல்லை.

2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. தமிழ்வழி கற்றோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காட்டு முன்னுரிமை தரும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. இரண்டும் நற்செயல்கள். ஆனால் 2023 மே திங்களில் உறுப்புக் கல்லூரிகளில் தமிழ்வழிப் பொறியியலை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழுந்தபின் அது திரும்பப் பெறப்பட்டது. சேர்வோர் குறைவு என்பதே சொல்லப்பட்ட கரணியம். சேர்வோர் ஏன் குறைந்தனர்? தனியார் நிறுவனம் ஒன்றும் அப்பட்டத்தை மதித்து வேலை தருவதாக உறுதி சொல்லவில்லை. மேற்படிப்பிற்குத் தமிழ்நூல் போதிய அளவு இல்லை. வாயிலைத் திறந்து வைத்து, அதன்பின் பாதை போடாமல் விட்டு, எவரும் நுழையவில்லை என்று வாயிலை மூட முனைவது எவ்வகை முறை?

இவ்விடத்தில் இயக்கத்தார் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். தென்மொழி 1959-இல் கடலூரில் தோன்றியது முதல் இம்மாவட்டம் தனித்தமிழுக்கு விளைநிலமாக இருந்து வருகிறது. பாவாணரின் வேர்ச்சொல் ஆய்வைப் போற்றாத தமிழன்பர் இல்லை. கலைச்சொற்கள் ஆயிரக்கணக்கில் ஆக்கப்பட்டுள்ளன. ஆனால் அச்சொற்களைக்கொண்டு ஒரு பட்டயப் படிப்பு மாணவன் தேர்வெழுதும் வகையில் எத்தனைப் பாடநூல்கள் எழுதப்பட்டன? சூளையில் நிற்பவனிடம் வெங்கச்சங்கல் என்ற சொல் உயிரோடிருக்க, அறையில் அமர்ந்து அதற்குப் புதுச்சொல் புனைந்தவர் எத்தனை பேர்? 1999-இல் தமிழறிஞர்கள் தமிழ்வழிக் கல்விக்காகச் சென்னையில் சாகும்வரை உண்ணாநோன்பு இருந்தனர். அவ்வாண்டே தொடக்கக் கல்வியைத் தமிழ் அல்லது தாய்மொழியில் தர அரசாணை வந்தது. 2000-இல் உயர் நயன்மன்றம் அதை வீழ்த்தியது. வழக்கிட்டோர் வடவர் அல்லர். தமிழகப் பள்ளி நடத்துநரே. அப்பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்தோரும் தமிழரே. அவர்களுள் தனித்தமிழ் மேடைகளில் கைதட்டியோரும் இருந்தனர் என்பதை மறைப்பதால் பயனில்லை.

ஆதலால் ஆங்கிலவழிப் பள்ளியின் வாயிலில் பிள்ளையின் கைப்பிடித்து நிற்கும் சூளை உழைப்பாளியைப் பழிப்பது தகாது. அவன் தமிழை வெறுப்பவன் அல்லன். தன் பிள்ளை தன்னைப்போல் வெம்மையில் வேகக்கூடாது என்று விரும்புபவன். மேல்தட்டிற்கு ஏறும் படிக்கட்டு ஆங்கிலத்தில் கட்டப்பட்டிருப்பதை அவன் கட்டவில்லை, கண்டறிந்தான், அவ்வளவே. படிக்கட்டைத் தமிழில் கட்டித் தராமல், அவனை ஏறாதே என்பது கொடுமை. பசித்தவனிடம் உணவின் பெயரைத் தூய தமிழிற் சொல்லிவிட்டு உணவைக் கொடாமற் போவது போன்றது அது.

செய்ய வேண்டியவை தெளிவானவை. தமிழ்வழிப் பொறியியல் பட்டத்திற்கு அரசுப் பொறியியல் துறைகளிலும் அரசு உதவி பெறும் தொழிலகங்களிலும் உறுதியான வேலை இடம் வேண்டும். நெய்வேலி போலத் தமிழர் நிலத்தில் நிற்கும் நிறுவனங்களில், நிலம் தந்த மாவட்டத்தாரும் தமிழ் அறிந்தோரும் முன்னுரிமை பெற வேண்டும். பொறியியற் பாடத்திட்டத்தில் தமிழரின் நீரியல், கட்டட, மாழை, களிமண் நுட்பங்களின் வரலாறு கட்டாயப் பகுதியாக வேண்டும். தமிழறிந்த பொறியாளரும் பொறியறிந்த தமிழாசிரியரும் ஒன்றமர்ந்து ஆண்டிற்கொரு பாடநூலேனும் முடிக்க வேண்டும். தொழிலாளர் வாயிலிருந்து சொல் திரட்டும் வேலை அதற்கு முதற்படியாகட்டும். இயக்கத்தார் ஒவ்வொருவரும் தம் பிள்ளையின் பள்ளியைத் தம் கொள்கையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். பணியிலிருக்கும் இளம்பொறியாளர்களை ஏளனஞ் செய்யாமல் அணுகி, திங்களில் ஒரு மாலையேனும் அவர்களோடு இருந்து, கடனும் கணினியும் நிறைந்த அவர்கள் வாழ்வை அறிந்து பேசட்டும். 2017-இல் கடற்கரைக்கு வந்தவர்கள் அவர்களே. மீண்டும் வரக்கூடியவர்களும் அவர்களே.

களிமண் ஈரமாயிருக்கும்போதே வடிவம் கொள்ளும்; சுட்டபின் உடையுமேயன்றி வளையாது. பதினேழு அகவையில் கல்லூரிக்குள் நுழையும் தமிழ்ப்பிள்ளை ஈரக்களி. நான்காண்டு கழித்து வெளிவருபவன் சுட்ட கலம். அந்நான்காண்டையும் அயன்மொழியிடமும் கடன்காரனிடமும் விட்டுவிட்டு, வெளிவந்தவன் வடிவத்தைப் பார்த்து வருந்துவது, அச்சை விட்டுவிட்டுச் சூளையைப் பழிப்பதாகும். அச்சைக் கையிலெடுக்கட்டும் தமிழுலகம். அன்று முதுகுன்றத்துச் சூளைக்கு அவ்வூர்ப் பொறியாளன் திரும்பி வருவான். தந்தையின் சொல்லிலேயே தன் ஆய்வை எழுதுவான். நிலையப் பலகையில் ஊரின் பெயரையும் அவனே மாற்றி எழுதுவான்.